வண்ண மீன் வளர்ப்பில் வித்துத் தேர்வு

சென்ற மாதம் ராயப்பன்பட்டியில் நடைபெற்ற உறுப்பினர் கூட்டத்தின் முடிவில், கணக்குப் புத்தகங்களை நான் மூடிவைத்த வேளையில், அம்மையார் ஒருவர் எழுந்து நின்றார். "ஐயா, கம்மலை அடகு வைத்து நாலு சிமெண்டுத் தொட்டி கட்டினேன். மதுரையிலிருந்து சிவப்பு வால் கப்பி மீன் வாங்கிவந்து விட்டேன். முதல் ஈத்துக் குஞ்சுகள் கண்ணைப் பறித்தன. கடைக்காரர் கேட்டு வாங்கிப் போனார். இப்போது நாலாவது தலைமுறை. வாலில் சிவப்பும் இல்லை, உடம்பில் வளர்த்தியும் இல்லை. சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்கிறார். குற்றம் மீனிலா, தண்ணீரிலா?" என்று கேட்டார்.

கூட்டம் கலைந்தபின் அவர் வீட்டிற்குச் சென்று தொட்டிகளைப் பார்த்தேன். நீர் தெளிவாகவே இருந்தது, தீனியிலும் குறையில்லை. அவர் விற்ற வரிசையைக் கேட்டபோதுதான் காரணம் விளங்கிற்று. வட்டி கட்ட வேண்டிய அவசரத்தில், ஒவ்வொரு முறையும் சிறந்த ஆண் மீன்களையே அவர் முதலில் விற்றிருக்கிறார். வியாபாரி ஒதுக்கிய மீன்களே தொட்டியில் எஞ்சி, அடுத்த தலைமுறைக்குத் தந்தையாயின. விதை நெல்லை விற்றுவிட்டுப் பதரை விதைத்த கதையே இது. குற்றம் மீனிலும் இல்லை, தண்ணீரிலும் இல்லை.

அவருக்கு அன்று சொன்ன விடையை, வண்ண மீன் வளர்ப்பில் ஈடுபட்டுள்ளோர், ஈடுபட எண்ணுவோர் அனைவருக்கும் பயன்படுமாறு இங்கு விரித்து எழுதுகிறேன்.

திராட்சைக் குச்சியும் மீன் குஞ்சும்

ராயப்பன்பட்டியும் அதனை அடுத்த ஆனைமலையன்பட்டியும் திராட்சைக்குப் பெயர் பெற்ற ஊர்கள். கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது யாவரும் அறிந்ததே. பன்னீர் திராட்சை பயிரிடுவோர் விதை போடுவதில்லை. நல்ல கொடியில் குச்சி வெட்டி நடுகின்றனர். குச்சியில் வளரும் கொடி, தாய்க்கொடியின் குணத்தை அப்படியே பெறுகிறது. பழத்தை எல்லாம் விற்றாலும் கொடி தோட்டத்திலேயே நிற்கும்.

நெசவாளருக்கும் இத்தகைய வசதி உண்டு. சேலை விற்பனையாகிவிட்டாலும், அதன் கரையை நெய்த ஜக்கார்டு அட்டைகள் தறியோடு இருக்கின்றன. வேண்டியபோது அதே மாதிரியை மீண்டும் நெய்யலாம்.

மீனுக்குக் குச்சியும் இல்லை, அட்டையும் இல்லை. அதன் மாதிரி அதன் உடலிலேயே உள்ளது. மீனை விற்றால் மாதிரியும் உடன் போய்விடும். ஆகவே, வண்ண மீன் வளர்ப்போர் முதலாவதாக அறிய வேண்டியது, எதை விற்பது என்பதன்று. எதை விற்கக் கூடாது என்பதே.

கப்பி மீனின் இயல்பு

இம்மீனின் தாயகம் தென் அமெரிக்காவின் வடபகுதியும் டிரினிடாடு தீவும் ஆகும். டிரினிடாடிலிருந்து இதனைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பிய ராபர்ட் ஜான் லெச்மியர் கப்பி என்பவரின் பெயர் 1866இல் இதற்குச் சூட்டப்பட்டது. முட்டையிடாமல் குஞ்சு ஈனுவதாலும், நம் கிணற்று நீரின் உப்புத்தன்மையைத் தாங்குவதாலும், சிறு இடத்தில் பெருகுவதாலும், புதிதாகத் தொடங்குவோர்க்கு இது ஏற்ற மீன். சென்னை கொளத்தூரில் பல குடும்பங்கள் முற்றத்திலும் மொட்டை மாடியிலும் தொட்டி அமைத்து வண்ண மீன்களை வளர்த்து வெளியூர்களுக்கு அனுப்புகின்றன. வீட்டுத் தொழிலாக இது நடக்கும் என்பதற்கு அவ்வூரே சான்று.

வித்துத் தேர்வுக்குக் கப்பியின் இரண்டு இயல்புகள் முக்கியமானவை. பெண் மீன் ஏறத்தாழ 4 வாரங்களுக்கு ஒரு முறை குஞ்சு ஈனும். ஆனால் ஒரு முறை ஆணுடன் சேர்ந்தபின், அந்த விந்தைத் தன் உடலில் பல மாதங்கள் சேமித்துவைத்து, ஆண் துணையின்றியே அடுத்தடுத்த ஈற்றுகளைத் தரவல்லது. எனவே கடையில் வாங்கும் பெரிய பெண் மீன், முன்பே எந்த ஆணோடு சேர்ந்தது என்று நமக்குத் தெரியாது. உயர்ந்த ஆணை அதனுடன் விட்டாலும், பிறக்கும் குஞ்சுகள் அந்த ஆணுடையவை என்று உறுதி கூற இயலாது.

மற்றொன்று நிறத்தைப் பற்றியது. டென்மார்க்கைச் சேர்ந்த யோஹன்னஸ் ஷ்மித் என்னும் அறிஞர், ஆண் கப்பியின் உடலிலுள்ள ஒரு வகைப் புள்ளி, தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வதை 1920இல் காட்டினார். அந்நாட்டு அறிஞர் விங்கே 1922இல் இதனை மேலும் ஆராய்ந்து விளக்கினார். ஆணைத் தீர்மானிக்கும் ஒய் குரோமோசோமில் அந்நிறத்திற்குரிய கூறு அமைந்திருப்பதே காரணம். எனினும் எல்லா நிறங்களும் இவ்வழியே வருவன அல்ல. தாய் வழி வருவனவும் உண்டு. பெண் மீன் வெளிப்பார்வைக்கு நிறமற்றதாக இருக்கலாம். ஆயினும் தான் காட்டாத குணத்தைத் தன் மகன்களுக்குக் கொடுக்கும். ஆகையால் பெண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் உடன்பிறந்த ஆண்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே முறை.

தொட்டியும் நீரும்

புதிய சிமெண்டுத் தொட்டியில் உடனே மீன் விடலாகாது. சுண்ணாம்புக் காரம் நீங்க, நீர் நிரப்பி வடிப்பதை 2 அல்லது 3 வாரங்கள் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். வாழைத்தண்டுத் துண்டுகளை ஊறவைத்து இறைப்பதும் வழக்கம். பின்னர் சாதாரண மீன்கள் இரண்டொன்றை விட்டு, ஒரு வாரம் பார்த்தபின் வித்து மீன்களை விடுக. குளோரின் கலந்த குழாய் நீரானால், திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்து ஊற்ற வேண்டும். வாரம் ஒரு முறை கால் பங்கு நீரை மாற்றினால் போதும்.

நம் பகுதிக்கென ஓர் எச்சரிக்கை உண்டு. திராட்சைக் கொடிக்குத் தெளிக்கும் போர்டோ கலவையில் மயில்துத்தம் இருக்கிறது. அதிலுள்ள செம்பு மீனுக்கு நஞ்சு. மருந்து கலக்கிய வாளியையோ, குழாயையோ மீன் தொட்டியில் ஒருபோதும் உபயோகிக்கக் கூடாது. தெளிப்பு நாட்களில் தொட்டிகளை மூடிவைத்தல் நலம். சாயப் பட்டறையில் புழங்கிய பாத்திரங்களுக்கும் இதே விதி பொருந்தும்.

தாய் மீன்கள் தம் குஞ்சுகளையே தின்னும் இயல்புடையவை. வேலம்பாசியை அடர்த்தியாக இட்டுவைத்தால் குஞ்சுகள் அதில் ஒளிந்து பிழைக்கும். குஞ்சுகளுக்குச் சிறு உயிர்த்தீனி சிறந்தது. அவித்த முட்டையின் மஞ்சட்கருவைக் கரைத்துச் சிறிதளவு இடலாம். நாளைக்கு 3 அல்லது 4 முறை சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். மிஞ்சிய தீனி நீரைக் கெடுத்துவிடும்.

மூன்று தேர்வுகள்

முதல் தேர்வு முதல் வாரத்தில் நடைபெற வேண்டும். முதுகு வளைந்தவை, நீந்த இயலாதவை ஆகியவற்றை அப்போதே நீக்கிவிடுக.

இரண்டாவது தேர்வு 3 முதல் 4 வாரங்களுக்குள். இதுவே மிக முக்கியமானது. ஆண் குஞ்சின் அடித்துடுப்பு கூர்மையாகிக் குச்சி போலாகும். பெண் குஞ்சிற்கு வயிற்றின் பின்பகுதியில் கருமை தோன்றும். இவ்வடையாளம் கண்டவுடன் இரு பாலாரையும் தனித்தனித் தொட்டிகளில் விட வேண்டும். நானும் என் வீட்டில் ஒரு முறை அலுவல் சுற்றுப்பயணத்தால் இதனை இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். திரும்பி வந்தபோது பெண் குஞ்சுகள் எல்லாம் தம் உடன்பிறந்த ஆண்களால் கருவுற்றிருந்தன. ஓர் ஆண்டு உழைப்பு வீணாயிற்று.

மூன்றாவது தேர்வு 3 முதல் 4 மாதங்களில். நிறத்தை மட்டும் பார்த்தால் போதாது. நேரான முதுகு, சுறுசுறுப்பான நீச்சல், நல்ல உடல் வளர்ச்சி, வாலின் வடிவு, அதன்பின் நிறம் என்னும் வரிசையில் பார்க்க வேண்டும். 100 மீன்கள் தேறினால், அவற்றுள் தலைசிறந்த 5 ஆண்களையும் 5 பெண்களையும் வித்துக்கென ஒதுக்குக. இந்தப் பத்தும் விற்பனைக்குரியன அல்ல. எஞ்சிய தொண்ணூறே சரக்கு.

ஒரு வீட்டால் ஆகாதது

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும். ஒரே ஓர் ஆண் மிக உயர்ந்ததாக இருந்தால், அதை மட்டும் 9 பெண்களோடு விட்டாலென்ன? இதற்கு அமெரிக்க மரபியலறிஞர் சூவல் ரைட் 1931இல் தந்த கணக்கு விடை கூறும். ஆண்களின் எண்ணிக்கையைப் பெண்களின் எண்ணிக்கையால் பெருக்கி, அதனை 4ஆல் பெருக்கி, இருபாலாரின் மொத்தத்தால் வகுக்க வேண்டும். ஓர் ஆணும் 9 பெண்களுமானால் கிடைப்பது 3.6. அதாவது, தொட்டியில் பத்து மீன்கள் இருப்பினும், கால்வழியைக் காக்கும் அளவில் அவை நான்கு மீன்களுக்கும் குறைவே. 5 ஆணும் 5 பெண்ணுமானால் கிடைப்பது முழுமையாக 10.

இந்த எண்ணை இரட்டித்து, 1ஐ அதனால் வகுத்தால், ஒவ்வொரு தலைமுறையிலும் கால்வழியில் ஏற்படும் தேய்மானம் தெரியும். முதல் முறையில் அது ஏறத்தாழ 14 விழுக்காடு. இரண்டாவதில் 5 விழுக்காடு. தேய்மானம் மிகுந்தால் குஞ்சுகள் குறையும், உடல் சிறுக்கும், முதுகு வளையும், நோய் எளிதில் பற்றும். உடன்பிறந்தவற்றையே தொடர்ந்து சேர்த்தாலோ, மூன்றே தலைமுறையில் உறவு நெருக்கம் 50 விழுக்காட்டை எட்டிவிடும்.

5 விழுக்காடும் ஆண்டுக்கணக்கில் பார்த்தால் சிறிதன்று. இதனைக் குறைக்க ஒரு வீட்டால் ஆகாது. நான்கு வீடுகளால் ஆகும். நான்கு உறுப்பினர்கள் ஒரே நிற மீனை வளர்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தலைமுறையிலும் முதல் வீட்டின் வித்து ஆண்கள் இரண்டாம் வீட்டிற்கும், இரண்டாம் வீட்டினுடையவை மூன்றாம் வீட்டிற்கும், மூன்றாவதனுடையவை நான்காவதற்கும், நான்காவதனுடையவை முதல் வீட்டிற்கும் செல்ல வேண்டும். பெண்கள் பிறந்த வீட்டிலேயே தங்கும். நம் ஊர் வழக்கத்திற்கு இது மாறானதே. மீன்களில் எல்லோரும் வீட்டோடு மாப்பிள்ளைகள்! இவ்வாறு செய்தால் நான்கு வீட்டு 40 மீன்களும் ஏறத்தாழ ஒரே மந்தையாகி, தேய்மானம் ஒன்றேகால் விழுக்காட்டின் அளவிற்கு இறங்கும்.

தொடக்கத்தில் நால்வரும் ஒரே தொட்டியின் மீன்களைப் பங்கிட்டுக்கொண்டால் இம்முறையால் முழுப்பயன் விளையாது. ஒரே நிறத்தில், வெவ்வேறு பண்ணைகளிலிருந்து வாங்க வேண்டும். வேறு வீட்டிலிருந்து வரும் ஆண்களை 15 நாட்கள் தனிப் பாத்திரத்தில் வைத்து, நோயில்லை என்று கண்டபின்பே சேர்க்க வேண்டும். வலையும் தனியாக இருத்தல் அவசியம்.

இதற்கெல்லாம் ஒரு பேரேடு தேவை. தொட்டி எண், தந்தை வந்த வீடு, தாய் பிறந்த தொட்டி, ஈன்ற நாள், பிழைத்த குஞ்சுகள், பிரித்த நாள், ஒதுக்கிய வித்து, விற்றவை என எட்டுக் கட்டங்கள் போதும். எழுதாத கால்வழி ஓர் ஆண்டில் மறந்துபோகும்.

கழித்த மீன்களும் கடனும்

தேர்வில் கழிந்த மீன்களை முல்லைப் பெரியாற்றிலோ, சண்முகாநதி அணையிலோ, கண்மாய்களிலோ விட்டுவிடலாகாது. கப்பி எங்கும் பெருகக்கூடியது; ஆற்றின் சொந்த மீன்களோடு இரைக்கும் இடத்திற்கும் போட்டியிடும். கலப்பு மீனாகக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடுவதே தக்கது.

கடன் பற்றியும் சில கூற வேண்டும். 2020இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பத திட்டத்தில், வீட்டுப் புறக்கடை வண்ண மீன் வளர்ப்புக்கு 3 லட்சம் ரூபாய் அலகுத்தொகையாகக் கொள்ளப்பட்டு, பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், மகளிர்க்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர்க்கும் 60 விழுக்காடும் மானியமாக வகுக்கப்பட்டது. விண்ணப்பிக்கும் நாளில் உள்ள நிலையை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டறிந்து செயற்படுக. ஆயினும், இரண்டு தொட்டியில் மூன்று தலைமுறையைக் கெடாமல் எடுத்தவரே பெருங்கடன் வாங்கத் தகுதியுடையவர் என்பது என் கருத்து.

சங்கங்களுக்கும் இதில் கடமை உண்டு. அந்த அம்மையார் வித்து மீனை விற்றது அறியாமையால் மட்டுமன்று. தவணை நாள் நெருங்கியதாலும்தான். கறவை மாட்டுக்குக் கறவையில்லாத மாதங்களைக் கணக்கிட்டுத் தவணை வகுப்பது போல, மீன் வளர்ப்போர்க்கும் முதல் வித்துத் தேர்வு முடியும் வரை தவணையை ஒத்திவைத்துக் கடன் வழங்கினால், எவரும் வித்தை விற்க நேராது.

அவர் தொட்டிகளை அன்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சிவப்பு முற்றிலும் அழிந்துவிடவில்லை. கடைசித் தொட்டியில், வால் நுனியில் நல்ல சிவப்புடன் இரண்டு ஆண்கள் இருந்தன. அவற்றைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து வைத்தார். அவர் தெருவிலேயே மீன் வளர்க்கும் மற்ற மூன்று வீட்டாரும் பேரேடு எழுத ஒப்புக்கொண்டுள்ளனர். "கடைக்காரர் வந்து கேட்டால் என்ன சொல்வது, ஐயா?" என்று அம்மையார் கேட்டார். "இவை விற்பனைக்கு அல்ல என்று சொல்லுங்கள், அம்மா" என்றேன்.