முதல் கேமிங் பிசி: ரிச்சி ஸ்ட்ரீட் போறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

செஞ்சியில பஸ் ஏறி, திண்டிவனம் வழியா சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் பார்ட்ஸ் வாங்கப் போறீங்களா? மூணு விஷயம் பாருங்க.

1. பில்: 50,000 ரூபாய் பார்ட்ஸுக்கு 18% ஜிஎஸ்டி 9,000. மாசச் சம்பளக்காரங்க இதைத் திரும்ப எடுக்க முடியாது. அதுக்காக "பில் இல்லாம குறைச்சுத் தரேன்"னா மயங்காதீங்க. வாரண்டிக்குப் போனா முதல்ல கேட்கிறதே பில்தான்.

2. நோ காஸ்ட் இஎம்ஐ: வட்டி 4,000 தள்ளுபடியானாலும், அதுமேல 18% ஜிஎஸ்டி 720 ரூபாய் உங்க தலையில. புராசசிங் ஃபீஸ் தனி.

3. பங்கீடு: பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுக்கு. எஸ்எம்பிஎஸ்ல மிச்சம் பிடிக்காதீங்க. மட்டமானது போனா மத்த பார்ட்ஸையும் சேர்த்துக் காவு வாங்கலாம். கூடுதல் ரேம், எஸ்எஸ்டி அடுத்த போனஸ்ல போட்டுக்கலாம்.

எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாம முடியுதா? தாராளமா வாங்குங்க. இல்லைன்னா, நாலு மாசம் சேர்த்துட்டுப் போங்க.