நின்றுபோகும் ஒலி

சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கும் ஊர் சீவலப்பேரி. 2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டதை நெல்லை மக்கள் மறக்கவில்லை. வெள்ளக் காலங்களில் கரையோர மக்களை எச்சரிக்க, ஒலிபெருக்கி பூட்டிய வண்டிகள் தெருக்கள்தோறும் செல்வதுண்டு. அவ்வேளையில் வண்டியின் ஆம்ப்ளிஃபயர் அடிக்கடி அணைந்தால், எச்சரிக்கையின் பாதிச் சொற்களே மக்களைச் சேரும்.

கருவி பழுதென உடனே முடிவு செய்தல் கூடாது. மின்னழுத்தம் குறைந்தாலோ, வெப்பம் மிகுந்தாலோ, மின்னோட்டம் அளவு கடந்தாலோ ஆம்ப்ளிஃபயர் தன்னைக் காத்துக்கொள்ளவே அணைகிறது. அது எப்போது அணைகிறது என்பதே காரணத்தை உணர்த்தும் முதற்குறி.

ஒலியைக் கூட்டும்போது அணைந்தால், அப்போதே மல்டிமீட்டரால் மின்னழுத்தத்தை அளத்தல் வேண்டும். 12 வோல்ட் பேட்டரியின் முனைகளில் அளவு சரியாக இருந்து, ஆம்ப்ளிஃபயரின் முனைகளில் மட்டும் குறைந்தால், குறை இடையிலுள்ள கம்பியிலோ துருவேறிய எர்த் இணைப்பிலோ உள்ளது. நெடுநேரம் ஒலித்தபின் அணைந்து, ஆறியதும் இயங்கினால், காற்றோட்டம் போதவில்லை. இயக்கியவுடன் அணைந்தால், ஒலிபெருக்கிகள் அனைத்தையும் கழற்றி, ஒவ்வொன்றாக இணைத்துச் சோதித்தால் குறையுள்ளது புலப்படும். 4 ஓம் ஒலிபெருக்கிகள் இரண்டைப் பக்க இணைப்பில் சேர்த்தால் மின்தடை 2 ஓம் ஆகும். மின்னோட்டம் இருமடங்காகும் என்பதையும் நினைவிற்கொள்க.

அளவில் மிகுந்த ஃபியூஸை இட்டுக் குறையை மறைப்பது தீவிபத்துக்கே வழிவகுக்கும். காரணத்தை அறிந்தபின் தீர்வைத் தேடுதலே முறை. ‘மருந்து’ அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவர்க்கு உரைத்த இந்நெறி, கருவி திருத்துவோர்க்கும் பொருந்தும்.