கையெழுத்துக்கு முன் கணக்கு

பெட்டாலிங் ஜெயாவில் உள்ள பழைய வட்டாரங்களுள் ஒன்று சுங்கை வே. 1970-களில் இங்குத் தடையற்ற வாணிப வட்டாரம் அமைந்தது. அதன் பிறகு தொழிற்சாலை வேலையை நம்பி வாழும் குடும்பங்கள் இப்பகுதியில் பெருகின. இத்தகைய குடும்பம் ஒன்றில் பிறந்த 19 வயது இளைஞனைக் கற்பனை செய்து பார்க்கலாம். அவனுக்குப் பாடவும் பாட்டெழுதவும் தெரியும். தன் அறையிலேயே பாடலைப் பதிவு செய்து இணையத்தில் வெளியிடுகிறான். ஆயிரக்கணக்கானோர் அதனைக் கேட்கின்றனர். ஒருநாள் ஓர் இசை நிறுவனம் அவனை அழைத்து, 20,000 ரிங்கிட் முன்பணத்தையும் 20 பக்க ஒப்பந்தத்தையும் அவன்முன் வைக்கிறது.

தந்தையின் பல மாதச் சம்பளத்துக்கு ஈடான தொகை அது. குடும்பமே மகிழ்கிறது. ஆனால், அந்தப் பணத்தின் உண்மையான பெயர் பரிசு அன்று, கடன்.

இசை ஒப்பந்தங்களில் கலைஞருக்கு ஒரு பங்கு ஒதுக்கப்படும். ராயல்டி எனப்படும் உரிமத்தொகை அதுவே. முன்பணம் என்பது, இனிமேல் கிடைக்கப்போகும் உரிமத்தொகையை முன்கூட்டியே கொடுப்பதாகும். அத்தொகையை நிறுவனம் பின்னர்க் கலைஞரின் பங்கிலிருந்து கழித்துக்கொள்ளும். முன்பணம் மட்டுமன்றி, ஒலிப்பதிவு, காணொளித் தயாரிப்பு, விளம்பரம் ஆகியவற்றின் செலவும் பல ஒப்பந்தங்களில் கலைஞரின் கணக்கிலேயே எழுதப்படுகிறது.

சுங்கை வே இளைஞனின் கணக்கு இவ்வாறு அமைகிறது என்று கொள்வோம். முன்பணம் 20,000 ரிங்கிட். ஒலிப்பதிவு 25,000 ரிங்கிட். காணொளி 30,000 ரிங்கிட். விளம்பரம் 15,000 ரிங்கிட். மொத்தம் 90,000 ரிங்கிட். பாடல்கள் வெற்றி பெற்று 300,000 ரிங்கிட் வருமானம் ஈட்டுகின்றன. ஒப்பந்தப்படி அவனுடைய பங்கு 15 விழுக்காடு, அதாவது 45,000 ரிங்கிட். ஆயினும், அந்த 45,000 ரிங்கிட் அவன் கைக்கு வராது. 90,000 ரிங்கிட் செலவில் ஒரு பாதியை மட்டுமே அது ஈடுசெய்கிறது. மறுபாதியான 45,000 ரிங்கிட் அவன் பெயரில் பாக்கியாக நிற்கிறது. நிறுவனமோ 300,000 ரிங்கிட்டைப் பெற்று, 90,000 ரிங்கிட்டைச் செலவழித்திருக்கிறது. அதன் கையில் 210,000 ரிங்கிட் மீதம் இருக்கிறது. பாட்டு வென்றது, பாடியவன் கடன்பட்டான்.

இந்தப் பாக்கியைப் பெரும்பாலான ஒப்பந்தங்களில் கலைஞர் தம் கைப்பணத்திலிருந்து திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. எனினும் அது மறைவதில்லை. அடுத்த இசைத்தொகுப்பின் வருமானத்திலிருந்தும் அது கழிக்கப்படலாம். அதுவரை வீட்டு வாடகை, போக்குவரத்து, வரி ஆகியவற்றுக்கு அவன் வேறு எங்காவது கடன் வாங்க நேரிடும். ஒப்பந்தக் காலம் முடியாததால், வேறு நிறுவனத்திற்குப் போகவும் இயலாது.

நிறுவனங்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. வெளியாகும் இசைத்தொகுப்புகளுள் பல போட்ட முதலைக்கூட ஈட்டுவதில்லை. தோல்வியுற்ற பத்துக் கலைஞர்களால் ஏற்படும் நட்டத்தை வெற்றி பெற்ற ஒருவரைக் கொண்டே ஈடுகட்ட வேண்டியுள்ளது. இது வணிகம். எனவே, இருவரில் ஒருவர் மட்டும் கணக்கை அறிந்திருப்பதே இங்குச் சிக்கலாகிறது. நிறுவனத்திற்கு வழக்கறிஞரும் கணக்காளரும் இருக்கின்றனர். இளைஞனிடம் குரலும் கனவும் மட்டுமே இருக்கின்றன.

இது கற்பனைக் கணக்கு மட்டுமன்று. அமெரிக்காவில் டி.எல்.சி. என்னும் மூன்று பெண்கள் கொண்ட குழு, 1994-ஆம் ஆண்டு நவம்பரில் தனது இரண்டாவது இசைத்தொகுப்பை வெளியிட்டது. அந்நாட்டில் மட்டும் அது 10 மில்லியனுக்கும் அதிகமான பிரதிகள் விற்றது. ஆனால், அதன் பாடல்கள் வானொலியில் முழங்கிக்கொண்டிருந்த 1995-ஆம் ஆண்டு ஜூலையிலேயே அக்குழுவினர் நீதிமன்றத்தில் திவால் மனு அளித்தனர். அவர்களுடைய கடன் ஏறத்தாழ 3.5 மில்லியன் டாலர். வேறு காரணங்களும் இருந்தன. எனினும், ஒப்பந்தம் அளித்த சிறிய பங்கும், அதிலிருந்து கழிக்கப்பட்ட செலவுகளும் முக்கியக் காரணங்களாகப் பேசப்பட்டன.

தென்கொரியாவின் 'லூனா' குழுவைச் சேர்ந்த சூ என்னும் பாடகியின் வழக்கும் இத்தகையதே. அவருடைய ஒப்பந்தத்தில் வருமானத்தில் 70 விழுக்காடு நிறுவனத்திற்கும் 30 விழுக்காடு கலைஞருக்கும் எனப் பிரிக்கப்பட்டிருந்ததாகச் செய்திகள் வெளிவந்தன. செலவையோ இரு தரப்பும் சரிபாதியாக ஏற்க வேண்டும். வருமானம் 100 என்றும் செலவு 70 என்றும் வைத்துக்கொண்டால், கலைஞரின் வரவு 30. அவர் ஏற்க வேண்டிய செலவு 35. இலாபம் வந்த ஆண்டிலும் அவருக்கு 5 கடன். நிறுவனத்திற்கோ 35 மீதம். 2023-ஆம் ஆண்டில் நீதிமன்றம் சூவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

தமிழ் இசையுலகிலும் இக்கேள்வி எழுந்துள்ளது. 2021-ஆம் ஆண்டு மார்ச்சில் தீ, அறிவு ஆகியோர் பாட, சந்தோஷ் நாராயணனின் இசையில் 'எஞ்சாய் எஞ்சாமி' வெளியானது. உலகெங்கும் பல கோடி முறை அது பார்க்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2024-ஆம் ஆண்டு மார்ச்சில், அப்பாடலின் வருமானத்திலிருந்து தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் பொதுவெளியில் கூறினார். நிறுவனத் தரப்பு அக்குற்றச்சாட்டை மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறமிருக்க, புகழ்பெற்ற கலைஞர்களுக்கே வருமானக் கணக்கு இத்தனை சிக்கலானால், முதல் பாடலை வெளியிடும் இளையோரின் நிலை என்ன?

இதற்கு ஒரு தீர்வு, விதியை மாற்றுவது. தென்கொரியாவில் 'டோங் பாங் ஷின் கி' குழுவின் மூவர், 13 ஆண்டுக்கால ஒப்பந்தத்தை எதிர்த்து 2009-ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தனர். அதே ஆண்டில், நியாயமான வணிகத்தைக் கண்காணிக்கும் அந்நாட்டு ஆணையம் கலைஞர்களுக்கான மாதிரி ஒப்பந்தம் ஒன்றை வெளியிட்டது. அதில் ஒப்பந்தக் காலம் 7 ஆண்டுகளாக வரையறுக்கப்பட்டது.

மற்றொரு தீர்வு, கையெழுத்திடுபவர் விழிப்புடன் இருப்பது. மலேசியாவில் 18 வயது நிறைந்தவர் சட்டத்தின்முன் பெரியவர். 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் பொது விதிப்படி, அவரிடும் கையெழுத்து அவரைக் கட்டுப்படுத்தும். 'படிக்காமல் ஒப்பமிட்டுவிட்டேன்' என்பது பொதுவாகத் தப்பிக்கும் வழியாகாது. 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, பதிப்புரிமையை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்க எழுத்து வடிவம் தேவை. ஆகவே, ஒப்பந்தத் தாளில் உள்ள ஒவ்வொரு வரியும் விலைமதிப்புடையது.

ஒப்பமிடுமுன் ஐந்து கேள்விகளுக்கு விடை காண வேண்டும். எந்தெந்தச் செலவுகள் கலைஞரின் பங்கிலிருந்து கழிக்கப்படும்? அச்செலவுகளுக்கு உச்சவரம்பு உண்டா? ஒரு தொகுப்பின் பாக்கி அடுத்த தொகுப்பின் வருமானத்திலிருந்தும் கழிக்கப்படுமா? பாடலின் உரிமை யாருக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு? வரவு செலவுக் கணக்கு எப்போது காட்டப்படும். அதனைச் சரிபார்க்கும் உரிமை கலைஞருக்கு உண்டா? விடை தெளிவாக இல்லையெனில், ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுவதே நல்லது. வசதி குறைந்தோர் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையை அணுகி ஆலோசனை கேட்கலாம். 'இன்றே ஒப்பமிட வேண்டும், இல்லையேல் வாய்ப்புப் போய்விடும்' என்று அவசரப்படுத்துவதே ஓர் எச்சரிக்கை மணியாகும்.

சுங்கை வே இளைஞன் இப்போது என்ன செய்ய வேண்டும்? வாய்ப்பை உதறித் தள்ள வேண்டியதில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முதலில் ஒரு தாளையும் கணிப்பொறியையும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. தன் குரலைப் பிறரிடம் ஒப்படைப்பவன் அதனை அளக்காமல் கொடுக்கலாமா? தாளத்தைத் தவறவிடாத கலைஞன், கணக்கையும் தவறவிடாதிருந்தால் பாட்டின் பயன் பாடியவனையும் வந்து சேரும்.