எந்த மணியிலிருந்து எண்ணுவது?

பிரிக்பீல்ட்ஸில் வெண்கோலுடன் நடப்போரைக் காணாத மாணவர் நம்மில் குறைவு. 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்குதான் உள்ளது. பிறந்த சில மாதங்களிலேயே பார்வையைப் பறிக்கும் ஒரு விழித்திரை நோய், 28 வாரம் நிறைவதற்குள் பிறக்கும் குழந்தைகளையே மிகுதியும் தாக்குகிறது.

1940களில் இந்நோய் பெருகியது. மிகுதியாகக் கொடுத்த உயிர்வாயுவே காரணமோ என்ற ஐயத்தைத் தனியொரு மருத்துவமனையின் சில குழந்தைகளைக் கொண்டு தீர்க்க இயலவில்லை. அமெரிக்காவில் 18 மருத்துவமனைகள் கணக்கை ஒன்றாக்கிய பின்னரே, 1954இல் ஐயம் உறுதியானது. உயிர்வாயுவைக் குறைத்தனர், பார்வையிழப்பும் குறைந்தது.

ஆனால், பிறந்து 48 மணி நேரம் கடந்த குழந்தைகளே அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டனர். முதலிரு நாள்களில் இறந்தோர் கணக்கிலேயே இல்லை. போதிய உயிர்வாயு இன்றி நேர்ந்த இறப்புகள் நெடுங்காலம் கழித்தே வெளிப்பட்டன.

நம் தேசியப் பச்சிளங்குழந்தைப் பதிவகத்தின் அறிக்கைகளை இந்த நினைவோடுதான் படிக்கிறேன். கோலாலம்பூர், கிள்ளான் உள்ளிட்ட பல மருத்துவமனைகளின் விவரங்களை அது ஒரே வரையறையில் தொகுத்துள்ளது: பிறப்பு எடை, கருவாரம், சுவாசக் கருவி, மூளை இரத்தக்கசிவு, விழித்திரை, உயிருடன் வீடு திரும்பியதா என்பவை. பெரிய மருத்துவமனையில் இறப்பு மிகுதியென்றால் உடனே குறை கூறலாகாது. மிகச் சிறிய குழந்தைகளை அங்குதான் அனுப்புகிறார்கள்.

முதல் விழித்திரைச் சோதனை, பொதுவாகப் பிறந்து நான்கு முதல் ஆறு வாரத்தில் நடைபெறும். அதற்குள் குழந்தை வேறு மருத்துவமனைக்கு மாறியிருக்கலாம். அப்படி மாறிய குழந்தைக்குச் சோதனை நடந்ததா என்பதே நான் முதலில் தேடும் விவரம்.