வயலும் வண்டியும்

மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை, இவற்றின் நடுவே நீண்டு கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. பென்னிகுயிக் என்னும் பொறியாளர் கட்டிய பெரியாற்று அணையின் நீர், மலையைக் குடைந்த குகைவழியே 1895ஆம் ஆண்டு முதல் இப்பக்கம் பாய்கின்றது. அதனால் உத்தமபாளையம், போடிநாயக்கனூர், தேனி ஆகிய வட்டங்களில் 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல்வயலாக விளங்குகின்றது.

நெல் விளைந்தால் மட்டும் போதாது; அது வீடு வந்து சேரவும் வேண்டும். முதற்போகத்தின் அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஐப்பசியில் ஒன்றையொன்று எதிர்ப்படுவதுண்டு. ஒரு நாள் தாழ்த்தால் கதிர் நனையும். நனைந்த நெல் முளைவிடும். நனைந்த வைக்கோல் மக்கி, மாடும் முகராத குப்பையாகும். ஆகவே அறுவடைக் காலத்தில் உழவன் கண் வானத்தின்மேல் இருக்கும். கை வண்டியின்மேல் இருக்கும்.

நெல்லும் வைக்கோலும் ஒரே தாளில் விளைந்தவையாயினும், சுமையாகும்போது இரண்டும் வேறு வேறு இயல்பின. நெல் சிறிய இடத்தில் பெரும்பாரம் ஆகும். சாக்கில் ஓட்டை இருப்பின் வழியெல்லாம் சிந்தும். வைக்கோலோ எடை குறைந்தது, ஆனால் இடத்தை அடைத்துக்கொள்ளும், காற்றில் சாயும். நெல்லேற்றிய வண்டிக்கு அச்சு முறியும் அச்சம். வைக்கோல் ஏற்றிய வண்டிக்கு வாய்க்காற் கரையில் குடைசாயும் அச்சம். இவ்விரண்டையும் ஒரே கட்டைவண்டி நெடுங்காலம் சுமந்து வந்தது என்பது வியப்பிற்குரியது.

அவ்வண்டியின் சக்கரத்தைச் சற்று நோக்குவோம். நடுவில் இருப்பது குடம். குடத்திலிருந்து ஆரங்கள் விரியும். அவற்றின் நுனிகளை வட்டைகள் வளைத்துப் பிடிக்கும். பெரும்பாலும் ஆறு வட்டைகளும் பன்னிரண்டு ஆரங்களும் இருக்கும். இவற்றைப் பிணைத்து நிறுத்துவது மேலே பூட்டிய இரும்புப் பட்டை. பட்டையைச் சக்கரத்தின் சுற்றளவினும் சிறிது குறைவாகவே கொல்லர் வளைப்பர். பின்னர் அதனைத் தீயிற் காய்ச்சுவர். காய்ந்த இரும்பு விரியும். விரிந்த நிலையில் சக்கரத்தின்மேல் மாட்டி உடனே நீர் ஊற்றுவர். பட்டை சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வெப்பத்தால் பொருள் விரிவடையும் என்னும் அறிவியல் உண்மை, ஏட்டில் படிப்பதற்கு முன்னமே பட்டறையில் பயன்பட்டது. அச்சிற்கு இடும் மையும் வைக்கோற்கரியை விளக்கெண்ணெயில் குழைத்துச் செய்ததே. வண்டி சுமக்கும் பொருளே வண்டியின் உராய்வையும் குறைத்தது.

பாரம் ஏற்றுதல் ஒரு கலை. இருசக்கர வண்டி அச்சின்மேல் நிற்கும் துலாக்கோல் போன்றது. பாரம் முன்னே மிகுந்தால் நுகத்தடி எருதுகளின் கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். பின்னே மிகுந்தால் நுகம் மேலெழும். கழுத்தைச் சுற்றிய பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். ஆதலின் பழகிய வண்டிக்காரர் மூட்டைகளை அடுக்கியபின் ஏர்க்காலைத் தூக்கிப் பார்ப்பர். முன்பாரம் சிறிதளவே இருக்குமாறு மூட்டைகளை மாற்றி வைப்பர். வைக்கோல் ஏற்றும்போது ஒருவர் மேலே நின்று மிதித்து அடுக்க, மற்றவர் கீழிருந்து கொடுப்பர். இருபுறமும் ஒத்து வளராவிடில் முதல் பள்ளத்திலேயே வண்டி சாயும். இறுதியில் வடத்தால் இறுக்கிக் கட்டுவர்.

வண்டி வழியில் முறியக்கூடும் என்னும் முன்னறிவு நம்மவர்க்குப் பழமையானது. உப்பு வணிகர் தம் வண்டியின் கீழே மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றனர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஒளவையார் இந்தச் சேம அச்சிற்கே ஒப்பிட்டுள்ளார். அரசிளங்குமரனுக்கு வண்டியின் உறுப்பை உவமையாக்கிய புலவரின் துணிவு பாராட்டத்தக்கது.

ஆயினும் பாரத்தின் துன்பம் எருதிற்கே. 1965ஆம் ஆண்டில் நடுவண் அரசு வகுத்த விதிகளின்படி, பாரவிலங்கை ஒரு நாளில் 9 மணி நேரத்திற்கு மேலும், இடையே ஓய்வின்றி 5 மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்குதல் கூடாது. வெப்பம் 37 பாகை செல்சியசைக் கடக்கும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வண்டியில் பூட்டுதலும் கூடாது. காற்றடைத்த இரப்பர்ச் சக்கரம் பூட்டிய டயர் வண்டி வந்தபின் எருதின் உழைப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் சேறு நிறைந்த வயலோரத்தில் உயர்ந்த மரச்சக்கரமே சில வேளை எளிதிற் கடந்தது என்பதையும் மறுத்தல் இயலாது.

இன்று பள்ளத்தாக்கின் வயல்களில் அறுவடை இயந்திரம் கதிரை அறுத்து, அடித்து, நெல்லைத் தன் தொட்டியில் நிரப்பிக்கொள்கின்றது. தொட்டியிலுள்ள திருகு தண்டு சுழன்று, குழாய் வழியாக நெல்லை டிராக்டரின் பெட்டியில் கொட்டுகின்றது. தலைச்சுமையும் களத்து அடிப்பும் பெரும்பாலும் மறைந்தன. மழைக்கு முன் வயலை ஒழித்துவிடும் விரைவு பெரும் நன்மையே. ஆனால் இயந்திரத்தின் வழியே வரும் வைக்கோல் நைந்து சிதைகின்றது. கையறுப்பில் கிடைத்த நீண்ட தாள் அதில் இல்லை. அதனை வாரிச் சுருட்டிக் கட்டும் மற்றோர் இயந்திரம் பின்தொடர்கின்றது. வயலில் உருளை உருளையாகக் கிடக்கும் அக்கட்டுகளை ஏற்றிய லாரிகள், மாடு வளர்ப்போரை நாடிக் குமுளி மலைப்பாதையில் ஏறிக் கேரளம் செல்கின்றன. எஞ்சிய வைக்கோல் ஊர்ப்புறத்துப் படப்புகளில் அடுத்த கோடைக்காகக் காத்திருக்கின்றது.