புறாவுக்கு மாவா, மணியா?



இஸ்தோப்பில் தொங்கும் லவ் பேர்ட்ஸ் கூடு, கூரை ஓரத்துப் பலகைப் பெட்டியில் நாலு புறா. நம் லயங்களில் இவை புதிதல்ல. பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்பார்கள், அப்பாவோ மாமாவோ வாங்கிக் கொடுப்பார். கொஞ்ச நாளில் பறவை இறகை உப்பிக்கொண்டு மூலையில் உட்காரும். ஒரு நாள் விடியும்போது செத்துக் கிடக்கும். "பனி தாங்கல", "கண்ணு பட்டுருச்சு" என்று சொல்லிப் புதைத்துவிடுவோம். பல வீடுகளில் உண்மையான காரணம் பனியுமல்ல, கண்ணுமல்ல. நாம் போட்ட தீனிதான் காரணம்.

"நாங்க சாப்பிடுறதைத்தானே குடுக்கிறோம்!" என்று கேட்பீர்கள். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. நாம் காலையில் சுடும் ரொட்டி, கடைப் பாண், மிஞ்சிய வெள்ளைச் சோறு ஆகியவை பறவையின் வயிற்றை நிரப்பும். ஆனால் உடம்பை வளர்க்காது. ஏன் என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

சீனன்குடாவில் பிரியும் கோதுமை

திருக்கோணேஸ்வரத்துக்கு ரயிலில் போனவர்கள், திருகோணமலையை அடையும் முன் சீனன்குடா என்ற நிலையத்தைக் கண்டிருப்பீர்கள். துறைமுகத்தை ஒட்டிய அந்த ஊரில் 1980 முதல் பெரிய பிறீமா மா ஆலை இயங்கி வருகிறது. நம் நாட்டில் கோதுமை விளைவதில்லை. வெளிநாடுகளிலிருந்து அது கப்பலில் மணியாக வந்து இறங்குகிறது. ஆலையில் அரைபட்டு மாவாகி, மூட்டையில் ஏறி, நாட்டின் பல பக்கங்களுக்கும் போகிறது.

ஒரு கோதுமை மணியில் மூன்று பகுதிகள் உண்டு. வெளியே தவிடு, உள்ளே வெள்ளை மாப்பகுதி, அடியில் சின்னதாக முளை. நூறு பங்கில் ஏறக்குறைய 83 பங்கு மாப்பகுதி, 14 பங்கு தவிடு, மிச்சம் 2 அல்லது 3 பங்கு முளை. வெள்ளை மா எடுக்கும்போது தவிடும் முளையும் பெரும்பாலும் பிரிந்து போய்விடும். பி வகை விற்றமின்களும் தாதுச் சத்தும் அதிகம் இருப்பது தவிட்டிலும் முளையிலுமே. நெல்லைத் தீட்டி வெள்ளை அரிசியாக்கும்போதும் இதே கதைதான்.

ஆகவே மணியாக இருக்கும்போது அது பறவைக்கு நல்ல உணவு. மாவாகி, உப்புப் போட்டுப் பிசைந்து, சுட்ட பிறகு அதுவே பறவைக்கு ஆகாத உணவு.

கோழியும் புறாவும் உலகத்துக்குச் சொன்ன பாடம்

இதை முதலில் காட்டித் தந்தவையே வீட்டுப் பறவைகள்தான். 1890ஆம் ஆண்டளவில், இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தேவியா நகரில் ஐக்மன் என்ற டச்சு வைத்தியர், பெரிபெரி என்னும் நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். கால் மரத்து, நடை தள்ளாடி, உயிரையே எடுக்கும் நோய் அது. அவருடைய ஆராய்ச்சிக் கூடத்துக் கோழிகளுக்கும் அதேபோல் கால் இழுத்துக்கொண்டது. கொஞ்ச நாளில் அவை தானாகவே சுகமாகின. விசாரித்துப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. இராணுவ ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையற்காரர் அதைக் கொடுக்க மறுத்துவிட்டார். பிறகு தீட்டாத அரிசியைப் போட்டதும் கோழிகள் எழுந்துவிட்டன.

அதன்பின் லண்டனில் வேலை செய்த ஃபங்க் என்ற விஞ்ஞானி புறாக்களுக்குத் தீட்டிய அரிசியை மட்டும் கொடுத்து நோயை வரவழைத்தார்; அரிசித் தவிட்டிலிருந்து எடுத்த சத்தைக் கொடுத்துச் சுகமாக்கினார். 1912இல் அவர் உண்டாக்கிய சொல்லிலிருந்து வந்ததே "விற்றமின்". ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

மிச்சச் சோறு போட்ட கோழிகள் சொன்ன பாடம் இது. நம் இஸ்தோப்புப் புறாவுக்கும் இது அப்படியே பொருந்தும்.

என்ன தீனி, எவ்வளவு?

வளர்ந்த ஒரு புறாவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 30 கிராம் தானியம் போதும். நாலு புறாவுக்கு 120 கிராம். மாதத்துக்கு மூன்றரைக் கிலோவுக்குச் சற்று அதிகம். வாங்குவதற்கு முன்னே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

பத்துப் பங்கு தீனியில் ஏழு பங்கு தானியமாக இருக்கட்டும்: நெல், உடைத்த சோளம், குரக்கன், கிடைத்தால் முழுக் கோதுமை. மூன்று பங்கு பருப்பு வகை: பாசிப்பயறு, கௌபி, கடலை. முழுக் கோதுமை கடையில் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். நெல்லும் சோளமும் போதும். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் போடுங்கள். அரை மணித்தியாலத்தில் தின்னாமல் விட்டதை அள்ளிவிடுங்கள். விட்டால் எலிக்குத்தான் விருந்து.

லவ் பேர்ட்ஸ் என்று நாம் சொல்லும் சின்னக் கிளிகள் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்தவை. அவற்றுக்குத் தினை, குரக்கன் போன்ற சிறு தானியங்களுடன் கழுவிய கீரையும் துருவிய கரட்டும் தினம் கொஞ்சம் வேண்டும். விதை மட்டும் தின்றால் ஏ விற்றமின் குறையும். கண்ணும் மூக்கும் ஒழுகத் தொடங்கும்.

தண்ணீரும் கல்லும்

மற்றப் பறவைகளில் பெரும்பாலானவை தண்ணீரை அள்ளித் தலையைத் தூக்கி விழுங்கும். புறா அப்படியல்ல, அலகை அமிழ்த்தி உறிஞ்சிக் குடிக்கும். அதனால் பாத்திரத்தில் ஓர் அங்குல ஆழமாவது தண்ணீர் நிற்க வேண்டும். தினமும் கழுவி மாற்றுங்கள்.

பறவைக்குப் பல் இல்லை. கோழி அறுக்கும்போது மணலும் கல்லும் நிறைந்த தடித்த பை ஒன்று வருமே, அதுதான் அதன் அம்மி. கழுவிய ஆற்று மணலையும் பொடித்த சிப்பியையும் ஒரு சிரட்டையில் எப்போதும் வையுங்கள். சிப்பி கிடைக்காவிட்டால் அவித்த முட்டையின் ஓட்டைக் காயவைத்துப் பொடித்துப் போடலாம். முட்டையிடும் பேட்டுக்கு இந்தச் சுண்ணாம்புச் சத்து கட்டாயம் தேவை.

கொடுக்கக் கூடாதவை

- உப்பு, எண்ணெய், உறைப்புச் சேர்ந்த எதுவும்.
- தேத்தண்ணி, சொக்கலேட், அவகாடோ என்கிற வெண்ணெய்ப்பழம். இவை பறவைக்கு நஞ்சு.
- பூஞ்சணம் பிடித்த தானியம். நம் மலைநாட்டு ஈரத்தில் சோளமும் கடலையும் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். அந்த நஞ்சு ஈரலைக் கெடுக்கும். கழுவினாலும் வறுத்தாலும் போகாது. தீனியை மூடியுள்ள பிஸ்கட் டின்னில், நிலத்தில் படாமல் வையுங்கள்.
- மருந்து அடித்த மலையிலிருந்து பிடுங்கிய கீரை. மருந்துக் கேனைக் கழுவித் தீனிக்கோ தண்ணீருக்கோ ஒருபோதும் எடுக்க வேண்டாம்.

கூடு எங்கே?

காம்பராவுக்குள் வேண்டாம். அடுப்புப் புகை பறவைக்குக் கெடுதல். அதன் இறகுத் தூள் நமக்குக் கெடுதல். வெளியே, நிலத்திலிருந்து நாலடி உயரத்தில், காலை வெயில் படும் பக்கம் பார்த்து வையுங்கள். காற்று அடிக்கும் பக்கத்தைப் பலகையால் மூடுங்கள். எலி நுழையாதபடி அரை அங்குலக் கம்பிவலை அடியுங்கள். பூனையும் கீரியும் ஏறாமல் காலில் தகரம் சுற்றுங்கள். ஒவ்வொரு சோடிக்கும் ஓரடிச் சதுரத்தில் தனி அறை போதும்.

புதிதாக வாங்கிய பறவையை ஒரு மாதம் தனியே வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

புறா இரண்டு முட்டையிடும். சுமார் 18 நாளில் குஞ்சு பொரிக்கும். பகலில் பெரும்பாலும் ஆண் அடைகாக்கும், இரவில் பேடு. முதல் நாட்களில் இரண்டுமே தம் தொண்டைப் பையில் சுரக்கும் புறாப்பாலை ஊட்டும். அப்போது குஞ்சைத் தூக்கி விளையாடப் பிள்ளைகளை விடாதீர்கள். வருடத்தில் பல தரம் முட்டையிடுவதால் எண்ணிக்கை வேகமாகக் கூடும். பணம் இடம் கொடுக்கும் அளவுக்கு மேல் பெருகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோய் அறிகுறி

வாரம் ஒரு தரம் பறவையைக் கையில் எடுத்து நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். கத்தி விளிம்புபோல் கூராக இருந்தால் பறவை மெலிகிறது. தொண்டைக்குள் மஞ்சள் கட்டி, கழுத்து முறுக்கிக்கொள்ளல், பச்சைத் தண்ணீராகக் கழிதல், கண்ணைச் சுற்றிப் பரு, இவற்றில் எதைக் கண்டாலும் உடனே பிரித்து வைத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். வீட்டில் மிஞ்சிய மருந்தைக் கொடுக்க வேண்டாம்.

நம் உடம்பும் முக்கியம்

காய்ந்த எச்சத்தின் தூசியை நாள்தோறும் சுவாசித்தால் சிலருக்கு நுரையீரல் பாதிக்கும். எச்சத்தில் தண்ணீர் தெளித்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு சுரண்டுங்கள். பிறகு சோப் போட்டுக் கை கழுவுங்கள். இழுப்பு உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் கூட்டுப் பக்கம் போகக் கூடாது. விடாத காய்ச்சலோ வறட்டு இருமலோ இருந்தால், "எங்க வீட்டுல புறா இருக்கு" என்று டிஸ்பென்சரியில் சொல்லுங்கள். வைத்தியருக்கு அந்த ஒரு வார்த்தை பெரிய உதவி. சுரண்டிய எச்சத்தை மட்க வைத்து மரக்கறிப் பாத்திக்குப் போடலாம்.

காட்டில் இருப்பதைக் காட்டில் விடுவோம்

திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர் தூரத்தில் புறாத்தீவு இருக்கிறது. பாறை இடுக்கில் கூடுகட்டும் காட்டு மாடப்புறாக்களால் வந்த பெயர் அது. நம் வீட்டுப் புறாக்கள் எல்லாவற்றுக்கும் மூதாதை இந்த இனந்தான். 2003இல் அந்தத் தீவு தேசிய பூங்காவாக்கப்பட்டது. அங்கே முட்டையோ குஞ்சோ எடுப்பது குற்றம்.

நம் மலைகளிலும் இப்படியே. உலகில் இலங்கையில் மட்டுமே வாழும் மலை மைனாவின் குஞ்சை மரப்பொந்திலிருந்து எடுத்து வளர்ப்பது சட்டவிரோதம். 1937ஆம் ஆண்டின் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காட்டுப் பறவைகளில் மிகப் பெரும்பாலானவற்றைக் காக்கிறது. சந்தேகம் இருந்தால் வனஜீவராசிகள் திணைக்கள அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தலைமுறை தலைமுறையாக வீட்டிலேயே பிறந்து வளர்ந்த புறாவும் லவ் பேர்ட்ஸும் நமக்குப் போதும்.

கேள்வி – பதில்

கேள்வி: ரொட்டித் துண்டு கொஞ்சம் போட்டா செத்துருமா?
பதில்: ஒரு துண்டால் சாகாது. ஆனால் புறா அதில் வயிற்றை நிரப்பிக்கொண்டு தானியத்தை விட்டுவிடும். தினமும் பழக்கக் கூடாது.

கேள்வி: சம்பளம் வர்றதுக்கு முன்னால தீனி முடிஞ்சிட்டா?
பதில்: வீட்டிலுள்ள பாசிப்பயறும் தவிடு நீக்காத சிவப்புப் பச்சரிசியும் சில நாளைக்குப் போதும். அடிக்கடி இப்படி நேர்ந்தால் பறவையின் எண்ணிக்கை அதிகம் என்று பொருள்.

நினைவில் வையுங்கள்

1. மா அல்ல, மணி.
2. தினமும் புதுத் தண்ணீர், எப்போதும் மணலும் சிப்பியும்.
3. பூஞ்சணம் கண்டால் எறிந்துவிடுங்கள்.
4. கூடு வெளியே, கை சுத்தம்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வெறும் வெள்ளை மாவில் புறா நலிந்துபோகும் என்றால், அதே ரொட்டியை மட்டும் தின்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எப்படித் தேறும்? புறாவுக்குப் பயறு அளக்கும்போது பிள்ளைக்கும் ஒரு பிடி சேர்த்து அவியுங்கள். குரக்கன் மாவை ரொட்டியில் கலந்து சுடுங்கள், பாத்திக் கீரையை ஒரு சுண்டலாக்கிப் பக்கத்தில் வையுங்கள். கூட்டிலுள்ள உயிருக்கும் வீட்டிலுள்ள உயிருக்கும் இதே பாடந்தான்.