என் கம்ப்யூட்டரில் ஓடுகிறது, உன் கம்ப்யூட்டரில் ஏன் ஓடவில்லை?

ப்ராஜெக்ட்டுக்காக பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் கொண்டு அப்ளிகேஷன் செய்கிறோம். அதை இன்னொருவருக்குக் கொடுப்பது எப்படி? நான் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

நைனார்பாளையத்தில் அப்பாவும் பெரியப்பாவும் கூட்டாக மரவள்ளி பயிர் செய்கிறார்கள். லோடு கணக்கு நோட்டில்தான் இருந்தது. அதற்கு ஒரு அப்ளிகேஷன் செய்து, ஃபோல்டரை பென்டிரைவில் எடுத்துப்போய், சின்னசேலத்தில் பெரியப்பா மகனின் கம்ப்யூட்டரில் போட்டேன். கணக்கு வரவில்லை, எரர்தான் வந்தது. "இதுக்கு நோட்டே தேவலாம் தம்பி" என்றார் அண்ணன்.

காரணம் என்ன?

நாம் எழுதிய ப்ரோக்ராம் ஒரு இடம், டேட்டா வேறு இடம். டேட்டா மைஎஸ்க்யூஎல் சர்வரின் தனி ஃபோல்டரில் இருக்கும். சாவியை எடுத்துக்கொண்டு பெட்டியை வீட்டிலேயே விட்டுவந்த கதைதான். மேலும், 'லோக்கல்ஹோஸ்ட்' என்றால் 'இதே கம்ப்யூட்டர்' என்று பொருள். அண்ணன் கம்ப்யூட்டரில் அது அண்ணனுடையதைத்தான் குறிக்கும்.

முதல் வழி: நகல் கொடுப்பது

பிஎச்பிமைஅட்மினில் டேட்டாபேஸை எக்ஸ்போர்ட் செய்தால் ஒரு எஸ்க்யூஎல் ஃபைல் கிடைக்கும். அதை அங்கே இம்போர்ட் செய்ய வேண்டும். 'யுடிஎஃப்8எம்பி4' என்று வைக்காவிட்டால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறிவிடலாம்.

இப்படிச் செய்தேன், ஓடியது. ஆனால் மாதக் கடைசியில் ஒரு லோடு பணம் இடித்தது. அண்ணன் அங்கே ஏற்றிய லோடு எங்கள் கணக்கில் இல்லை. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் இரண்டு நாள் பேச்சே இல்லை. நகல் எடுத்த நிமிடத்திலிருந்து கணக்கு இரண்டாகிவிடுகிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

இரண்டாம் வழி: ஒரே டேட்டாபேஸ்

ரயில்வே முன்பதிவைப் பாருங்கள். டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய 5 மையங்களையும் 'கான்செர்ட்' என்ற மென்பொருளால் 1999-இல் இணைத்தார்கள். ஒவ்வொரு கவுண்டருக்கும் நகல் கொடுக்கவில்லை. ஒரு ரயிலின் கணக்கு ஒரு மையத்தில் மட்டுமே, மற்றவர்கள் அங்கே கேட்கிறார்கள். அதனால் ஒரே பெர்த் இருவருக்குப் போவதில்லை.

நாமும் அப்படியே செய்யலாம். ஒரே லேபில் என்றால் 'ஐபிகான்ஃபிக்' கொடுத்து நம் ஐபி எண்ணைப் பார்த்து, நண்பரின் பிரவுசரில் அதை அடித்தால் போதும். ஃபயர்வாலில் அப்பாச்சியின் 80-ஆம் போர்ட்டை மட்டும் அனுமதியுங்கள். மைஎஸ்க்யூஎல்லின் 3306 தேவையில்லை. எக்ஸாம்ப்பில் 'ரூட்'டுக்கு முதலில் பாஸ்வேர்டு கிடையாது, அதை உடனே வையுங்கள். 192.168 என்று தொடங்கும் எண் அந்த நெட்வொர்க்குக்குள் மட்டும்தான் செல்லும். வெளியூர் என்றால் இன்டர்நெட்டில் ஒரு சர்வரில் ஏற்ற வேண்டும்.

எங்கள் கணக்கை அப்படித்தான் ஏற்றினேன். அப்பா இன்னும் நோட்டும் எழுதுகிறார், இரண்டும் ஒத்துவருதான்னு பார்க்க. இதுவரை ஒத்துவருகிறது.

ஆகவே நண்பர்களே, படித்துப் பார்க்க மட்டும் என்றால் நகல் கொடுங்கள். இருவரும் எழுத வேண்டுமென்றால் டேட்டாபேஸ் ஒன்றே இருக்கட்டும்!